தெர்மாகோல் கேக் சொல்லித் தராத பாடம்

தெர்மாகோல்னு சொன்னதும் உங்களுக்கு முதல்ல என்ன ஞாபகம் வருது? எட்டாம் கிளாஸ் சயின்ஸ் எக்ஸிபிஷனுக்குச் செஞ்ச எரிமலையா? கல்யாண மண்டப வாசல்ல பொண்ணு மாப்பிள்ளை பேரை வெட்டி ஒட்டி வெச்சிருக்கற போர்டா? இல்ல, 2017-ல வைகை அணைத் தண்ணி ஆவியாகாம இருக்கணும்னு மிதக்க விட்டு, காத்தடிச்சதும் கரைக்கே திரும்பி வந்த அட்டைகளா?

எனக்கு கேக் ஞாபகம் வரும். சிரிக்காதீங்க, நிஜமாத்தான். எங்க வீட்டு ஃபிரிட்ஜ் மேல ரெண்டு வருஷமா ஒரு தெர்மாகோல் கேக் உட்கார்ந்திருக்கு. எட்டு இன்ச் விட்டம், நாலு இன்ச் உயரம். கேக் அலங்காரம் பழகறவங்க இதை 'டம்மி'ன்னு சொல்லுவாங்க. உள்ளே கேக் கிடையாது, வெள்ளை வெளேர்னு ஒரு தெர்மாகோல் உருளை. அதுக்கு மேல கிரீம் பூசி, பூ வெச்சு, பார்டர் போட்டுப் பழகி, வழிச்சு எடுத்துட்டு, மறுபடியும் முதல்ல இருந்து பூசணும்.

அந்த டம்மி எங்க அக்காவோடது. பி.காம் முடிச்சுட்டு, ஈரோட்டுல எங்க வீட்டுலயே ஆர்டர் எடுத்து கேக் செய்யுது. லீவுக்குப் போனா நான்தான் அசிஸ்டென்ட்: முட்டை உடைக்கறது, சர்க்கரை சலிக்கறது, டெலிவரிக்கு பைக் ஓட்டறது எல்லாம் என் டிபார்ட்மென்ட். மெக்கானிக்கல் படிக்கற எனக்கு கேக் பத்தி எழுத என்ன தகுதின்னு கேப்பீங்க. அந்த டம்மியை ரெண்டு வருஷம் பக்கத்துல இருந்து பார்த்ததுல, மாடலை வெச்சுப் படிக்கற நம்ம எல்லாருக்கும் பொருந்தற ஒரு விஷயம் கண்ணுல பட்டுது. அதைச் சொல்லத்தான் இது. நடுவுல கேக் அலங்காரமும் கொஞ்சம் கத்துக்கலாம், நஷ்டமில்லை.

எதுக்கு டம்மி?

ஒரு நிஜக் கேக்ல அலங்காரம் பழகணும்னா என்னென்ன பண்ணணும்னு பாருங்க. மாவு கலக்கணும், ஓவன்ல அரை மணி நேரத்துக்கு மேல வேகணும், முழுசா ஆறணும், லேயரா வெட்டணும், சுகர் சிரப் தெளிச்சு, கிரீம் வெச்சு அடுக்கணும். அப்புறம் 'கிரம் கோட்'. அதாவது, உதிர்ற கேக் தூள் வெளிக் கிரீம்ல கலந்துடாம இருக்க, மெல்லிசா ஒரு பூச்சு பூசி ஃபிரிட்ஜ்ல வெக்கறது. இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் நீங்க பழக வந்த வேலையே ஆரம்பிக்குது. காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் இருபது நிமிஷம் அலங்காரம் பழகலாம். பக்கம் கோணலா வந்துச்சுன்னா, அடுத்த வாய்ப்பு அடுத்த கேக்லதான்.

இதுல செலவு ஒரு பக்கம்னா, எங்க வீட்டுல இன்னொரு பிரச்சினை இருந்துச்சு. ஆரம்பத்துல அக்கா வாரத்துக்கு மூணு கேக் செஞ்சுது. முதல் வாரம் தெருவுக்கே கொண்டாட்டம். மூணாவது வாரம் எதிர்வீட்டு அத்தை, "மறுபடியும் கேக்கா கண்ணு?"ன்னு கதவைப் பாதி திறந்துக்கிட்டே கேட்டாங்க. அப்பாவுக்கு சுகர் இருக்கு. மிச்சத்தை எடுத்துக் கொட்ட அம்மா விடமாட்டாங்க. "திங்கற பொருளை வெச்சு விளையாடக் கூடாது சாமி"ன்னு ஒரே வார்த்தை. அவங்க சொல்றதுல நியாயம் இல்லாம இல்லையே.

அப்பத்தான் டம்மி வந்துச்சு. கேக் சாமான் விக்கற கடையில ரெடிமேடாவே கிடைக்கும். நாங்க கல்யாண மேடைக்கு எழுத்து வெட்டித் தர்ற அண்ணன்கிட்ட சொல்லி வெட்டி வாங்கினோம். சூடான நிக்ரோம் கம்பியில வெண்ணெய் மாதிரி வெட்டுவாரு. "என்ன தம்பி, கேக்கா? திங்க முடியாதே"ன்னு சிரிச்சாரு.

அதுக்கப்புறம் அந்த இருபது நிமிஷ வேலையை அக்கா ஒரே நாள்ல எட்டுத் தடவை பண்ண ஆரம்பிச்சுது. டம்மியோட முதல் லாபம் இதுதான். பெரிய வேலையில இருந்து ஒரு துண்டை மட்டும் கழட்டி எடுத்து, அதை மட்டும் திரும்பத் திரும்பப் பண்ணலாம். நம்ம பாஷையில சொன்னா, மத்த வேரியபிள் எல்லாத்தையும் கான்ஸ்டன்ட்டா வெச்சுட்டு ஒண்ணை மட்டும் மாத்திப் பார்க்கறது.

எப்படிப் பழகறது?

ஆசைப்படறவங்களுக்காக செய்முறையைச் சொல்லிடறேன்.

முதல் சிக்கல் எடை. தெர்மாகோல்ல 98 சதவீதம் காத்துதான். பாலிஸ்டைரின் மணிகள்ல ஆவி பட்டதும் நம்ம ஊர் பொரி மாதிரி உப்பி, அச்சுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அதனால டம்மி டர்ன்டேபிள் மேல நிக்காது, ஸ்கிரேப்பர் பட்டதும் ஓடிடும். கேக் போர்டுல டபுள் சைடு டேப் போட்டு ஒட்டுங்க. போர்டுக்கு அடியில, வழுக்காத ரப்பர் மேட் ஒண்ணு போடுங்க.

ரெண்டாவது, விளிம்பு. வெட்டின டம்மியோட மேல் விளிம்பு கத்தி மாதிரி கூர்மையா இருக்கும். ஃபாண்டன்ட், அதாவது சப்பாத்தி மாதிரி தேய்ச்சுப் போர்த்தற சர்க்கரை மாவு, அந்த விளிம்புல பட்டா கிழிஞ்சுடும். உப்புத்தாளால லேசா ஒரு தேய் தேய்ச்சு மழுங்க விடுங்க. தேய்க்கும்போது பறக்கற தூள் மூக்குல போகாம துணி கட்டிக்கோங்க. சமையல் மேடையில வெச்சு மட்டும் தேய்க்காதீங்க. அந்த மணி ஒண்ணு மாவுல விழுந்துச்சுன்னா தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது.

மூணாவது, டம்மியை கிளிங் ஃபிலிம்ல இறுக்கமா சுத்திடுங்க. பழகி முடிச்சதும் கிரீமை வழிக்கறது சுலபம், டம்மியும் ரொம்ப நாள் வரும். பெட்ரோல், அசிட்டோன் மாதிரி சமாச்சாரத்தை மட்டும் பக்கத்துல கொண்டு போகாதீங்க. தெர்மாகோல் கரைஞ்சு குழி விழுந்துடும். சாதாரண ஸ்பிரே பெயின்ட் அடிச்சாலும் இதே கதைதான்.

நாலாவது, கிரீம். நிஜ விப்பிங் கிரீம்ல பழகினா காசும் போகும், வெயில்ல இளகியும் போகும். டால்டாவையும் ஐசிங் சுகரையும் அடிச்சா கிட்டத்தட்ட அதே பதத்துல ஒரு பழகற கிரீம் கிடைக்கும். வழிச்சு டப்பாவுல போட்டு, மறுபடி அடிச்சு, பல நாள் பயன்படுத்தலாம். ஆனா அது பழகறதுக்கு மட்டும்தான். டப்பா மேல பெருசா எழுதி ஒட்டிடுங்க, இல்லைன்னா வீட்டுல யாராவது பன்னுல தடவிச் சாப்பிட்டுடுவாங்க. பழகற நாசிலையும் பைப்பிங் பேகையும் ஆர்டருக்கு எடுக்கறதுல இருந்து தனியா வெச்சுடுங்க.

இனி கை வேலை. மெக்கானிக்கல் மக்களே, லேத் ஞாபகம் இருக்கா? வேலைப்பொருள் சுத்தும், டூல் நிக்கும். கேக்லயும் அதேதான். வலது கையில ஸ்கிரேப்பரை நேரா, டர்ன்டேபிளுக்குச் செங்குத்தா பிடிச்சுக்கிட்டு ஆடாம நிக்கணும். இடது கை டேபிளைச் சுத்தும். புதுசாப் பழகறவங்க டேபிளை விட்டுட்டு ஸ்கிரேப்பரைக் கேக்கைச் சுத்தி ஓட்டுவாங்க. பக்கம் அலை அலையா வரும். இன்னொண்ணு, டம்மி டேபிளோட நடு மையத்துல இருக்கணும். சக்குல ஜாப் சென்டர் ஆகலைன்னா என்ன ஆகுமோ அதேதான் இங்கயும் ஆகும். ஒரு பக்கம் கிரீம் தடியா நிக்கும், மறு பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் எட்டிப் பார்க்கும். முதல்ல இது ரெண்டையும் பிடிச்சுட்டீங்கன்னா பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

அப்புறம் பைப்பிங். பெரிய நட்சத்திர நாசில்ல சுருள் ரோஜா, சின்ன நட்சத்திர நாசில்ல சிப்பி பார்டர், பெட்டல் நாசில்ல இதழ். அழுத்தம், கோணம், கை நகர்ற வேகம், இந்த மூணும்தான் கணக்கு. பார்டர் போட்டு ஒரு சுத்து முடிஞ்சதும் முதல் சிப்பியும் கடைசிச் சிப்பியும் ஒரே அளவா இருக்கான்னு பாருங்க. பெரும்பாலும் இருக்காது, ஏன்னா பேக்ல கிரீம் குறையக் குறைய கை தன்னால இறுக்கமாகும். அக்கா இதைச் சரி பண்ண ஒரு மாசம் எடுத்துக்கிச்சு. டம்மி இல்லாம இருந்திருந்தா ஒரு வருஷம் ஆயிருக்கும்.

டம்மி சொல்ற பொய்கள்

இதுவரைக்கும் டம்மி புராணம் பாடியாச்சு. இனிதான் விஷயத்துக்கே வர்றேன். நாலு மாசம் கழிச்சு அக்காவோட டம்மிக் கேக், கடை கண்ணாடிக்குள்ள இருக்கற கேக்குக்குச் சவால் விடற மாதிரி வந்துச்சு. ஆனா அதே கை, அதே டிசைன், நிஜக் கேக்ல போட்டா அப்படி வரல. ஏன்னு நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒரு நோட்டுல எழுதினோம். டம்மி எந்தெந்த இடத்துல பொய் சொல்லுதுன்னு ஒரு பட்டியல்.

ஒண்ணு, எடை. எட்டு இன்ச் விட்டம், நாலு இன்ச் உயரம்னா கொள்ளளவு கிட்டத்தட்ட 3.3 லிட்டர். தெர்மாகோல் அடர்த்தி கன மீட்டருக்கு 20 கிலோன்னு வெச்சுக்கிட்டா டம்மியோட எடை 66 கிராம். அதே அளவு நிஜக் கேக் கிரீமோட சேர்த்து ஒன்றரை கிலோவைத் தாண்டும். இருபது மடங்குக்கு மேல வித்தியாசம். தூக்கற விதம், டர்ன்டேபிள் சுத்தற வேகம், போர்டுக்கு மாத்தற லாவகம், எதையுமே டம்மி சொல்லித் தரல.

ரெண்டு, மென்மை. தெர்மாகோல்ல ஸ்கிரேப்பரை அழுத்தினா அது தாங்கும். கேக் உள்ளே போகும், தூள் உதிரும். டம்மியில பழகின கை கொஞ்சம் அதிகமாவே அழுத்தப் பழகிடும். இந்த ஆபத்தைக் கவனிங்க. டம்மி ஒரு விஷயத்தைச் சொல்லித் தராம விடறது ஒரு ரகம். தப்பா சொல்லித் தர்றது இன்னொரு ரகம். பைலட்டுகளுக்கு சிமுலேட்டர்ல பயிற்சி குடுக்கறவங்க இந்த ரெண்டாவது ரகத்துக்குத் தனிப் பேரே வெச்சிருக்காங்க, 'நெகட்டிவ் டிரெய்னிங்'னு.

மூணு, வெப்பம். நிஜக் கேக் ஃபிரிட்ஜ்ல இருந்து வெளியே வரும்போது ஜில்லுனு இருக்கும். ஈரப்பதமான காத்து அது மேல பட்டா, குளிர்ந்த சோடா பாட்டில் மேல வர்ற மாதிரி தண்ணி முத்து முத்தா கோர்த்துக்கும். ஃபாண்டன்ட் பிசுபிசுக்கும், அடர் கலர் வழியும். டம்மியோட வெப்பநிலை எப்பவும் ரூம் வெப்பநிலைதான், அதனால அது வேர்க்கவே வேர்க்காது.

நாலு, நேரம். டம்மிக் கேக்கை நாளைக்கு வரைக்கும் வெச்சு அழகு பார்க்கலாம், டால்டா கிரீம் அப்படியே நிக்கும். நிஜக் கேக்ல கிரீம் எடுத்த நிமிஷத்துல இருந்தே கடிகாரம் ஓட ஆரம்பிக்குது.

அஞ்சு, அடுக்கு. தெர்மாகோல் மேல தெர்மாகோலை எத்தனை வேணும்னாலும் அடுக்கலாம். ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு இன்ச்னு நாலு டம்மி அடுக்கினா மொத்தமா அரை கிலோ கூட வராது. அதையே நிஜத்துல செஞ்சா, கீழ் அடுக்கு மேல மட்டும் அஞ்சு கிலோ உட்காரும். கேக் அதைத் தாங்காது, பிதுங்கிடும். அதனால கீழ் அடுக்குக்குள்ள டோவல் குச்சிகளை நட்டு, மேல் அடுக்கை ஒரு அட்டை மேல வெச்சு அந்தக் குச்சிகள் மேல உட்கார வெக்கணும். மேலே இருக்கற பாரம் கேக் வழியாப் போகாம, குச்சி வழியா நேரா அடி போர்டுக்கு இறங்கும். சிவில் மக்களுக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கும், இளகின மண்ணுல பைல் ஃபவுண்டேஷன் போடறதும் இதுவும் ஒரே கணக்குதான்.

இந்தப் பட்டியலை எழுதினப்ப எங்களுக்கு அது வெறும் நோட்டுக் கணக்குதான். கொஞ்ச நாள்லயே அதுக்கு வேலை வந்துச்சு.

ஒரு ஆர்டர்

அக்கா ஒரு தடவை நாலு அடுக்கு டம்மி செஞ்சுது. வெள்ளை ஃபாண்டன்ட், ஓரமா சர்க்கரைப் பூ சரம் மேல இருந்து கீழ வரைக்கும். அதை ஃபோட்டோ எடுத்து இன்ஸ்டாவுல போட்டுது, கீழேயே 'டம்மி, பயிற்சிக்கு'ன்னு எழுதி. லைக் அள்ளுச்சு. ஒரு வாரத்துல ஒரு குடும்பம் நேராவே வீட்டுக்கு வந்துட்டாங்க. மே மாசம் ரிசப்ஷன், திறந்தவெளிப் புல்தரை, சாயங்காலம் ஆறு மணிக்கு. "இதே கேக் வேணுங்க. காசு ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க"ன்னாரு பொண்ணோட அப்பா.

ஈரோட்டு மே மாசத்தைப் பத்தி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 40 டிகிரியைச் சர்வசாதாரணமாத் தொடும், ஆறு மணிக்கும் தரை கொதிக்கும்.

அந்த நேரத்துல அக்காவுக்கு அந்தக் காசு தேவை. பெரிய ஓவன் தவணையில வாங்கி மூணு மாசம்தான் ஆகியிருந்துச்சு. உள்ளே இருந்து அம்மா கண்ணாலயே "எடுத்துக்கோ"ன்னு சொன்னது எனக்கே தெரிஞ்சுது.

அக்கா சொல்லுச்சு: "ஐயா, அது தெர்மாகோலுங்க. நிஜக் கேக்ல நாலு அடுக்கு அந்த வெயில்ல நிக்கறதுக்கு என்னால உறுதி சொல்ல முடியாதுங்க. கீழ ரெண்டு அடுக்கு நிஜமாவும் மேல ரெண்டு அடுக்கு டம்மியாவும் செஞ்சு தர்றேனுங்க. இல்லைன்னா ரெண்டு அடுக்கு மட்டும் முழுசா நிஜமா. எப்படி இருந்தாலும் வெட்டற நேரம் வரைக்கும் ஏசி ரூம்ல வெக்கணுங்க."

அவரு ஒரு நிமிஷம் ஃபோனைப் பார்த்துட்டு, "அப்ப இந்த ஃபோட்டோ பொய்யாம்மா?"ன்னு கேட்டாரு.

"பொய் இல்லைங்க. பழகறதுக்குச் செஞ்சது. கீழயே எழுதியிருக்கேன் பாருங்க."

பார்த்தாரு. அப்புறம் டீ குடிச்சுட்டு, யோசிச்சுச் சொல்றோம்னுட்டுப் போனாங்க. வேற இடத்துல ஆர்டர் குடுத்துட்டதா ரெண்டு நாள்ல மெசேஜ் வந்துச்சு. அந்த மாசத் தவணையை அப்பா கட்டினாரு. அம்மா அன்னைக்கு முழுக்க அக்காகிட்ட சரியாப் பேசல.

கல்யாணக் கேக்ல டம்மி அடுக்கு வெக்கறது ஏமாத்து வேலை இல்லைங்கறதையும் இங்க சொல்லிடணும். உலகம் முழுக்க நடக்கற பழக்கம்தான். ரெண்டாம் உலகப் போர்ச் சமயத்துல, 1940-ல, சர்க்கரைத் தட்டுப்பாட்டால பிரிட்டன்ல கேக் மேல சர்க்கரை ஐசிங் போடவே அரசு தடை போட்டுச்சு. கல்யாணத்துக்கு என்ன பண்றது? அட்டையிலயும் பிளாஸ்டர்லயும் செஞ்ச பெரிய கேக் கூட்டை வாடகைக்கு எடுத்து, உள்ளே சின்னதா ஒரு நிஜக் கேக்கை வெச்சு மூடி, ஃபோட்டோ எடுத்துக்கிட்டாங்க. அது அட்டைங்கறது மண்டபத்துல இருந்த எல்லாருக்கும் தெரியும், அதனால யாரும் ஏமாறல. டம்மின்னு வாங்கறவருக்குத் தெரிஞ்சா அது அலங்காரம். தெரியாம வித்தா அது வேற பேரு.

நோட்டுல நிரம்பாத கட்டம்

ஆர்டர் போனதை விட அக்காவை உறுத்தினது வேற ஒண்ணு. "நிக்கும்னு உறுதி சொல்ல முடியாது"ன்னு சொன்னோமே, "இத்தனை நிமிஷம் நிக்கும்"னு ஏன் சொல்ல முடியல? டம்மியில எத்தனை மணி நேரம் பழகினாலும் அந்த ஒரு எண் கிடைக்காது.

அதனால ஒரு ஞாயித்துக்கிழமை, ரெண்டு அடுக்கு நிஜக் கேக் செஞ்சுது. அழகு எல்லாம் முக்கியமில்லை, ஆனா டோவல், கிரீம், பார்டர் எல்லாம் ஆர்டர்ல போடற மாதிரியே. மத்தியானம் ரெண்டு மணிக்கு வராண்டாவுல வெச்சோம். தெர்மாமீட்டர் 37 காட்டுச்சு. நான் ஸ்டாப்வாட்சும் நோட்டுமா உட்கார்ந்தேன். இருபதாவது நிமிஷம் கீழ் பார்டர் சிப்பிகளோட கோடுகள் மழுங்க ஆரம்பிச்சுது. முப்பத்தஞ்சாவது நிமிஷம் மேல் ரோஜா ஒரு பக்கம் சாய்ஞ்சுது. அம்பதாவது நிமிஷம் பக்கவாட்டுக் கிரீம் மெல்ல இறங்குச்சு. ஆனா டோவல் தாங்கினதால மேல் அடுக்கு அசையல.

தெருப் பசங்களைக் கூப்பிட்டு அதை வெட்டிக் குடுத்துட்டோம். அம்மாவும் ஒரு துண்டு எடுத்துக்கிட்டாங்க. "இதை அன்னைக்கே செஞ்சு காமிச்சிருந்தா அந்த மனுஷருக்குப் புரிஞ்சிருக்கும்ல"ன்னு சொன்னாங்க. அதுவும் நியாயம்தான்.

இப்ப ஆர்டர் எடுக்கும்போது அக்காகிட்ட ஒரு எண் இருக்கு: "வெளியில வெச்சா இருபது நிமிஷங்க, அதுக்கு மேல என் பொறுப்பு இல்லைங்க." சொல்றதைக் கேட்டு சில பேரு போயிடறாங்க. நிறைய பேரு ஏசி ஹாலுக்கு மாத்திக்கறாங்க.

நம்ம டம்மிகள்

இப்ப நம்ம பக்கம் வாங்க. நாலு வருஷம் நாம காலேஜ்ல தொடறது பெரும்பாலும் டம்மிதானே? மினி புராஜெக்ட், மாக் இன்டர்வியூ, லேப் எக்ஸ்பெரிமென்ட், அன்சிஸ்ல ஓட்டற சிமுலேஷன் எல்லாமே. "இதெல்லாம் நிஜ இண்டஸ்ட்ரியில உதவாது மச்சி"ன்னு ஒரு கோஷ்டி சொல்லும். "சிமுலேஷன்லயே வந்துருச்சு, அப்புறம் என்ன"ன்னு இன்னொரு கோஷ்டி சொல்லும். ரெண்டு கோஷ்டியும் அக்காவோட நோட்டைப் பார்க்கணும்.

2023 அக்டோபர் 21-ல இஸ்ரோ ககன்யானுக்காக டிவி-டி1னு ஒரு சோதனை பண்ணுச்சு. ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து கிளம்பி, ஆபத்துன்னா வீரர்கள் தப்பிக்கற ஏற்பாடு வேலை செய்யுதான்னு பார்த்தாங்க. அதுல போன கலத்துக்கு அளவும் எடையும் நிஜக் கலத்தோடதுதான். ஆனா மனுஷன் உட்கார்றதுக்கான காத்தழுத்தம் உள்ளே கிடையாது. மறந்து விட்டது இல்லை, இந்தச் சோதனைக்கு அது தேவையில்லைன்னு தெரிஞ்சே விட்டாங்க. அன்னைக்குக் கேள்வி, கலம் பிரிஞ்சு பாராசூட்ல இறங்குதாங்கறது. அதுக்கு எடை நிஜமா இருக்கணும், அழுத்தம் அப்புறம் பார்த்துக்கலாம். அக்காவோட டம்மிக்கு நேர் எதிர் பாருங்க, அங்க அளவு நிஜம், எடை பொய்.

இன்னொரு உதாரணம். முதலுதவி வகுப்புல நெஞ்சை அழுத்திப் பழகற பொம்மை பார்த்திருப்பீங்க. நார்வேயில அஸ்மண்ட் லேர்டல்னு ஒரு பொம்மை தயாரிப்பாளர் 1960-ல கொண்டு வந்தது. நிமிஷத்துக்கு 100-ல இருந்து 120 தடவை, குறைஞ்சது அஞ்சு சென்டிமீட்டர் ஆழம்னு கை பழகறதுக்கு அதை விட நல்ல வழி இல்லை. ஆனா பொம்மை வாந்தி எடுக்காது, பக்கத்துல அதோட அம்மா நின்னு அழமாட்டாங்க. நல்ல பயிற்சியாளர் அதையும் வாயால சொல்லிட்டுத்தான் வகுப்பை முடிப்பாரு.

அதனால உங்க கையில எந்த டம்மி இருந்தாலும், ஒரு பேப்பரை எடுத்து நடுவுல ஒரு கோடு போடுங்க. இடது பக்கம், இது எதை நிஜமா சொல்லித் தருது. வலது பக்கம், எதை விட்டுடுது, எதைத் தப்பா சொல்லுது. சிமுலேஷன்ல பவுண்டரி கண்டிஷன் என்னன்னு எடுத்துக்கிட்டோம், நிஜத்துல அந்த போல்ட் லூசானா என்ன ஆகும்? மாக் இன்டர்வியூல எதிர்ல உட்கார்ந்தது நம்ம சீனியர், நிஜத்துல நம்மளைப் பிடிக்காத ஒருத்தரா இருந்தா? வலது பக்கம் காலியா இருந்துச்சுன்னா அந்த டம்மியை நீங்க இன்னும் சரியாப் பார்க்கலைன்னு அர்த்தம். வலது பக்கத்துல இருக்கறது ஒவ்வொண்ணுக்கும் ஒரு சின்ன வராண்டா சோதனை யோசிங்க. முழு ஆர்டர் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

ஹாஸ்டல்ல இருந்து இதைப் படிக்கறவங்களுக்கு ஒரு கடைசிக் குறிப்பு. கேக் பழக ஆசைன்னா தெர்மாகோல் வாங்கித்தான் ஆகணும்னு இல்லை. ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவைக் கவுத்து வெச்சு மேல கிரீம் பூசிப் பழகலாம், கழுவினா போதும். தெர்மாகோல் வாங்கினீங்கன்னா அது மண்ணுல மக்காதுங்கறதை ஞாபகம் வெச்சுக்கோங்க. 2019 ஜனவரி 1-ல இருந்து தமிழ்நாட்டுல தெர்மாகோல் தட்டையும் கப்பையும் தடை பண்ணினது சும்மா இல்லை. ஒரு டம்மியை வாங்கினா வருஷக்கணக்குல வெச்சுத் தேயுங்க. அக்காவோடது மூலை எல்லாம் நசுங்கி, உப்புத்தாள் பட்டுப் பட்டு எட்டு இன்ச்ல இருந்து ஏழே முக்காலா ஆயிடுச்சு. இன்னும் தூக்கிப் போடல.

பழகி முடிச்சு முதல் நிஜக் கேக் செய்யறப்ப சொல்லி அனுப்புங்க. ஸ்டாப்வாட்சோட வர்றேன். ஒரு துண்டு மட்டும் எனக்கு எடுத்து வெச்சுடுங்க.